நீண்ட சொல்லை எங்கே உடைப்பது?

'மெம்பெர்தாங்குங்ஜாவாப்கான்' என்றொரு மலாய்ச் சொல். ரோமன் எழுத்தில் எழுதினால் 22 எழுத்து. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு கடகடவென்று படித்துவிடும். அதே பிள்ளையிடம் 'ரெஸ்பான்சிபிலிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லைக் கொடுங்கள். 14 எழுத்துதான். ஆனால் பாதி வழியில் நின்று நம் முகத்தைப் பார்க்கும்.

இரண்டும் பொருளில் ஒரே குடும்பம், பொறுப்பு, பொறுப்பேற்பது. மலாய்ச் சொல்லின் நடுவில் 'தாங்குங்' இருக்கிறது, சுமப்பது என்று பொருள். அடுத்தது 'ஜாவாப்', பதில். அரபியிலிருந்து வந்த சொல். நம் தாத்தா காலத்துத் தமிழில் 'ஜவாப்தாரி' என்று சொல்வார்களே, அதிலும் இருப்பது இதே ஜவாப்தான். ஆங்கிலச் சொல்லின் தலையில் இருக்கும் 'ரெஸ்பான்ஸ்' என்பதும் பதில்தான். தமிழில் 'பொறு' என்றால் தாங்கு. மூன்று மொழிக்காரர்களும் தனித்தனியே யோசித்து, பொறுப்பு என்றால் தாங்குவது அல்லது பதில் சொல்வது என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள். இதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டால், அந்தச் சொல்லைப் பார்த்து வரும் பயத்தில் பாதி போய்விடும் என்பது என் அனுபவம்.

நான் பாரிட் புந்தாரில் வளர்ந்தவள். கிரியான் ஆற்றைத் தாண்டினால் ஒரு பக்கம் பினாங்கின் நிபோங் திபால், இன்னொரு பக்கம் கெடாவின் பண்டார் பாரு. மூன்று மாநிலம் தொட்டுக்கொள்ளும் இடம். வீட்டில் தமிழ், கடையில் மலாய், சீனர் கடையில் கலவை, பள்ளியில் மூன்றும். காலையிலிருந்து இரவு வரை மூன்று மொழியில் வாழும் பிள்ளைகள், ஐந்தாம் படிவத்தில் ஆங்கில வாசிப்பு என்றதும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் இப்போது பேச்சுத் தேர்வு இருக்கிறது. அதைத் தாண்டினால் மூயெட், அதையும் தாண்டினால் வேலை நேர்காணல். நம் பிள்ளைகளைத் தடுக்கி விழச் செய்வது பெரும்பாலும் இலக்கணம் அல்ல. நான்கு அசைக்கு மேல் போகும் சொற்கள்தான். அந்தச் சொல் வரும் இடத்தில் குரல் இறங்கும். கடைசிப் பகுதியை விழுங்கிவிடுவார்கள். கேட்பவர், 'இவருக்கு ஆங்கிலம் வராது' என்று எழுதிக்கொள்வார். விஷயம் தெரிந்த பிள்ளை, ஒரு சொல்லை உடைக்கத் தெரியாததால் தெரியாதவனாகிவிடும்.

மலாய் ஏன் எளிது? எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று என்ற வேலை அங்கே அநேகமாக இல்லை. 1972-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து எழுத்துமுறையைச் சீர்செய்தபோது அது இன்னும் தெளிவானது. மெம், பெர், தாங், குங், ஜா, வாப், கான் என்று ஏழு அசை. ஏழும் ஏறக்குறைய ஒரே எடையில் வரும். தமிழும் அப்படித்தான், குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று கணக்கு வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய நேரத்தைக் கொடுத்துவிடுவோம். ஆங்கிலம் அப்படி இல்லை. ஒரு நீண்ட சொல்லில் ஓர் அசைதான் ராஜா. அதற்கு நேரமும் சத்தமும் உயரமும் கிடைக்கும். மற்றவை அதற்கு வழிவிட்டுச் சுருங்கி ஒதுங்கும். கென்னத் பைக் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1945-இல் வெளியிட்ட நூலில் இந்த இரண்டு வகைத் தாளத்துக்கும் பெயர் வைத்தார். ஒன்று அசையை எண்ணி நடப்பது, மற்றது அழுத்தத்தை எண்ணி நடப்பது. பிற்காலத்தில் கருவி வைத்து அளந்தவர்கள், கணக்கு அவ்வளவு துல்லியமாக இல்லை என்று கண்டார்கள். ஆனாலும் காதுக்கு அந்த வேறுபாடு கேட்கிறது. மலேசிய ஆங்கிலம் உருமி மாதிரி சீராக அடிப்பதும், லண்டன் ஆங்கிலம் ஏறி இறங்குவதும் அதனால்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆங்கிலச் 'சிலபிள்' என்பதை நாம் 'அசை' என்று மொழிபெயர்க்கிறோம். யாப்பிலக்கணத்தில் வரும் அசை அதுவல்ல. 'தமிழ்' என்ற சொல் காதுக்கு 'த', 'மிழ்' என்று இரண்டாகக் கேட்கும்; யாப்பில் அது ஒரே நிரையசை. 'புளிமா' காதுக்கு மூன்று, யாப்பில் இரண்டு. ஆகவே நேர், நிரை படித்த பிள்ளை ஆங்கிலச் சொல்லையும் அப்படியே வெட்டினால் கணக்கு இடிக்கும். தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். எத்தனை முறை தாடை இறங்குகிறதோ அத்தனை அசை. ஓரிரு சொற்களில் பிசகினாலும், வேலை நடக்கும்.

ஆனால் வேறோர் இடத்தில் தமிழ் இலக்கணம் நமக்குப் பெரிய துணை. ஆங்கிலத்தில் அழுத்தம் இல்லாத உயிரொலி தேய்ந்துவிடும். 'ரெஸ்பான்சிபிலிட்டி'யில் 'பில்'தான் எல்லாவற்றையும்விட நிமிர்ந்து நிற்கும். அதற்கு முன்னும் பின்னும் இருப்பவற்றில் பெரும்பாலானவை அரை உயிரோடு ஓடும். இது நமக்குப் புதிதா? குற்றியலுகரம் என்று பள்ளியில் படித்தோமே, அது என்ன? 'பாட்டு', 'காசு' என்று சொல்லும்போது கடைசி உகரம் தன் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைகிறது என்று தொல்காப்பியம் காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். ஐகாரக் குறுக்கமும் அதே கதைதான். 'தலைவன்' என்பதில் வரும் ஐ முழு ஐ அல்ல. எழுத்தில் ஒன்று இருக்க, ஒலியில் அது குறுகும் என்ற கருத்து தமிழ்ப்பள்ளி மாணவனுக்கு அத்துபடி. ஆங்கில வகுப்பில் அதை யாரும் நினைவூட்டுவதில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இல்லாத ஒரு வசதியும் நம் பிள்ளைக்கு இருக்கிறது. ஆங்கிலத்தின் அந்தத் தேய்ந்த ஒலி மலாயில் அப்படியே உண்டு. 'எம்பாட்', 'பெலி', 'செக்கோலா' என்று நான் தமிழில் எழுதுகிறேன். ஆனால் வாயில் வருவது எகரம் அல்ல என்று மலேசியத் தமிழர் அனைவருக்கும் தெரியும். மலாய் ஆசிரியர்கள் அதை 'எ பெப்பெட்' என்பார்கள். 'மேஜா'வில் வரும் எகரம் வேறு, 'பெலி'யில் வருவது வேறு. தமிழ் எழுத்தில் அதற்கு வடிவமே கிடையாது. ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத இடங்களில் அந்த 'பெலி' ஒலியைப் போடு என்று அண்ணன் மகளிடம் சொன்னேன். "இவ்வளவுதானா அத்தை?" என்றாள். முழுக்க இவ்வளவு இல்லை. ஆனால் முக்கால்வாசி இவ்வளவுதான்.

சரி, ராஜா அசை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. 'ஃபோட்டோகிராஃப்' என்றால் அழுத்தம் தலையில், 'ஃபோ'வில். அதையே 'ஃபோட்டோகிராஃபி' ஆக்கினால் அழுத்தம் இரண்டாவது அசைக்குத் தாவும். 'ஃப-டாக்-ர-ஃபி' என்று கேட்கும். 'ஃபோட்டோகிராஃபிக்' என்றால் மூன்றாவது அசையான 'கிராஃப்' எழுந்துகொள்ளும். ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், மூவருக்கும் மூன்று நடை. இதைப் பார்த்துத்தான் பலர் ஆங்கிலத்துக்கு விதியே இல்லை என்று கைவிடுகிறார்கள். விதி இருக்கிறது, ஆனால் அது சொல்லின் வாலில் இருக்கிறது. வால் 'இக்' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம்: எகனாமிக், எலெக்ட்ரிக். 'ஷன்' என்று முடிந்தாலும் முந்தைய அசையில். 'இட்டி' என்றால் அதற்கு உடனே முன்னால்: யுனிவர்சிட்டியில் 'வர்', எபிலிட்டியில் 'பில்', எலெக்ட்ரிசிட்டியில் 'ட்ரிஸ்'. 'லஜி', 'கிராஃபி', 'நமி', 'கிரசி' போன்ற முடிவுகளில் கடைசியிலிருந்து மூன்றாவது அசை: பயாலஜி, டெக்னாலஜி, எகானமி, டெமாக்ரசி. 'இன்ஜினியர்', 'வாலன்டியர்' போன்றவற்றில் வாலே ராஜா. நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருப்பதால், எங்கள் ஊர்ப் பெற்றோர் அந்தக் கடைசிச் சொல்லை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சொல்வார்கள். அநேகமாக முதல் அசையில் அழுத்தி.

விலக்கும் உண்டு. 'பாலிடிக்ஸ்' தலையில்தான் அழுத்தம் கேட்கும். அரசியல் எங்கேதான் விதிக்குக் கட்டுப்பட்டது? என் தொழிலுக்குப் போட்டியான 'டெலிவிஷன்' என்ற சொல்லும் 'ஷன்' விதியை மதிக்காமல் முதல் அசையில் அழுத்தம் வாங்கிக்கொள்கிறது. இன்னொரு வகை வேடிக்கை, ஒரே எழுத்தில் இரண்டு சொல். 'ரெக்கார்ட்' என்பது பெயர்ச்சொல்லாக இருந்தால் முதல் அசையிலும், வினையாக இருந்தால் இரண்டாம் அசையிலும் அழுத்தம். வானொலி நிலையத்தில் இந்த இரண்டையும் மணிக்கு மணி சொல்ல வேண்டியிருக்கும்.

அழுத்தம் இவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். எல்லாரும் அப்படி நினைக்கவில்லை. ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற ஆங்கில மொழியியலாளர் 2000-இல் எழுதிய நூலில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் பேசும்போது புரிதலுக்கு அவசியமானவை என்று சில ஒலிகளைப் பட்டியலிட்டார். சொல்லழுத்தத்தை அந்தக் கட்டாயப் பட்டியலில் அவர் சேர்க்கவில்லை. பாரிட் புந்தார் சந்தையில் ஒரு தமிழரும் ஒரு சீனரும் ஆங்கிலத்தில் பேரம் பேசினால் அழுத்தம் எங்கே விழுந்தால் என்ன, வேலை நடக்கும். அங்கே ஜென்கின்ஸ் சொல்வது சரி. நேர்காணல் அறையிலும் பேச்சுத் தேர்விலும் எடை போடும் காது வேறு காது என்பது என் எண்ணம். வெள்ளைக்காரர் போலப் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாசாங்கைக் கேட்டால் எனக்கே கூசும்.

நம் முன்னோர்கள் ஆங்கிலச் சொல்லை உடைக்க யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் 'பரேட்' அவர்கள் வாயில் 'பெரட்டு' ஆனது. ஆங்கிலத்தில் இரண்டு அசை. தமிழில் மூன்று, கடைசியில் ஒரு குற்றியலுகரம். மெய்யெழுத்துகள் நெருக்கியடித்து நிற்பதை நம் வாய் விரும்பாது. நடுவே ஓர் உயிரைச் செருகி இடம் பண்ணிக் கொடுக்கும்: கிளாஸ், பிலிம். மலாயும் இதையேதான் செய்கிறது. 'கிளப்' அங்கே 'கெலாப்', நம் 'பிலிம்' அங்கே 'ஃபிலெம்'. அந்தப் பெரட்டுக் களத்தில் நின்றவர்களின் பேரப் பிள்ளைகள்தான் இப்போது பேச்சுத் தேர்வுக்குப் போகிறார்கள். வழக்கில் கலந்துவிட்ட சொல்லை நம் தாளத்தில் சொல்வதில் தவறே இல்லை. ஆங்கிலம் பேசும்போது மட்டும் செருகிய உயிரை வெளியே எடுத்துவிட வேண்டும், அதுதான் வேலை.

ஒலியைவிட எனக்குப் பிடித்தது உறுப்புகளாகப் பிரிப்பது. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் சொன்ன ஆறு உறுப்புகளை மனப்பாடம் செய்யாத தமிழ் மாணவர் யார்? 'படித்தான்' என்பதைப் பிரிக்கத் தெரிந்தவனுக்கு, முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டதைக் கழற்றிவிட்டு நடுவில் இருக்கும் வேரைப் பார்க்கும் பழக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது. மலாய் வகுப்பில் 'இம்புஹான்' என்று அதையேதான் செய்கிறான். ஆங்கிலத்தில் மட்டும் ஏன் முழுச் சொல்லையும் ஒரே கல்லாகத் தூக்கப் பார்க்கிறான்?

தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடநூல் இதற்குச் சாவி மாதிரி. 'ஃபோட்டோ' ஒளி, 'சிந்தசிஸ்' சேர்க்கை, ஒளிச்சேர்க்கை. 'மைக்ரோ' நுண்மை, 'ஸ்கோப்' நோக்குவது, நுண்ணோக்கி. 'டெலி' தொலைவு, அதனால்தான் தொலைபேசி, தொலைக்காட்சி, தொலைநோக்கி. 'தெர்மோ' வெப்பம், 'மீட்டர்' அளப்பது; வெப்பமானி. நம் கலைச்சொல் அறிஞர்கள் ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்த்து, துண்டுக்குத் துண்டு தமிழ் கொடுத்திருக்கிறார்கள். தமிழில் அறிவியல் படித்தது ஆங்கிலத்துக்குத் தடை என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்ததில்லை.

எங்கள் கிரியான் மாவட்டம் நெல் விளையும் பூமி. புக்கிட் மேரா நீர்த்தேக்கம் 1906-இலிருந்து இந்த வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது. 'பாரிட்' என்றாலே வாய்க்கால். நீர்ப்பாசன இலாகாவின் பலகையில் 'பெங்ஆயிரான்' என்று இருக்கும்; நடுவில் 'ஆயிர்', அதாவது தண்ணீர், கண்ணுக்கு நேரே தெரியும். அதற்கான ஆங்கிலச் சொல் 'இரிகேஷன்'. 'ஷன்' விதிப்படி 'கே'யில் அழுத்தம். ஆனால் முன்னால் நிற்கும் 'இர்' ஒரு பொறி. 'இர்ரெகுலர்' என்றால் ஒழுங்கில்லாதது. அங்கே 'இர்' இன்மையைச் சொல்கிறது. 'இரிகேஷன்' என்பதில் அது இன்மை அல்ல, 'உள்ளே' என்று பொருள். இதைவிட ஆபத்தானது 'இன்ஃபிளேமபிள்'. எரியாதது என்று நினைத்துப் பக்கத்தில் நெருப்பு வைத்தால் கதை முடிந்தது. எளிதில் தீப்பற்றக்கூடியது என்றுதான் அதற்குப் பொருள். இந்தக் குழப்பத்துக்குப் பயந்து இப்போது 'இன்' இல்லாமல் 'ஃபிளேமபிள்' என்றே எச்சரிக்கை போடுகிறார்கள். உறுப்பைப் பிரித்துப் பொருள் ஊகிப்பது கைவிளக்கு மாதிரி. சரியான பொருளுக்கு அகராதியைப் பார்த்தே ஆக வேண்டும்.

வானொலிக்காரர்களுக்கு இது சோற்றுப் பிரச்சினை. பி.பி.சி. 1926-இலேயே உச்சரிப்புக்கென்று ஓர் ஆலோசனைக் குழு அமைத்தது. முதலில் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ், அவருக்குப் பிறகு பெர்னார்ட் ஷா தலைவராக இருந்தார்கள். அவர்களுக்கே குழு வேண்டியிருந்தது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு, 'ஹைட்ராக்ஸிகுளோரோகுவின்' என்ற மருந்தின் பெயர் செய்திகளில் அடிபட்டது. ஒலிபரப்புக்கு முன் தாளில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்வேன். தலையிலிருந்து அல்ல, வாலிலிருந்து. முதலில் 'குவின்', பிறகு 'குளோரோ-குவின்', பிறகு 'ஸி-குளோரோ-குவின்', கடைசியில் முழுச் சொல். தலையிலிருந்து ஏறினால் போகப் போக மூச்சு வாங்கும். வாலிலிருந்து கோத்துக்கொண்டு வந்தால் ஒவ்வொரு முறையும் ஏற்கெனவே தெரிந்த இடத்தில் போய் முடிப்போம், குரல் இறங்காது. மொழி ஆசிரியர்கள் நெடுநாளாகக் கையாளும் முறைதான் இது. 'ரெஸ்பான்சிபிலிட்டி'க்கும் இதையே செய்து பாருங்கள்: 'ட்டி', 'லிட்டி', 'பிலிட்டி', 'சிபிலிட்டி'.

தேர்வு, நேர்காணல் எல்லாம் இளையவர்கள் பாடு. பெரியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பெரியம்மாவுக்கு நீண்ட காலமாக இனிப்பு நீர். நம் நாட்டில் இந்திய வம்சாவளியினரிடம்தான் அது அதிகம் என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்த செய்தி. ஒருநாள் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி மயங்கிவிட, மருத்துவமனையில் ஓரிரவு வைத்திருந்து அனுப்பினார்கள். கையில் கொடுத்த தாளில் ஒரு நீண்ட சொல். வீட்டில் ஆளாளுக்கு எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "சீனி ஏறிப்போச்சாம்" என்று முடிவு கட்டினார்கள். தேத்தண்ணீரில் போடும் அரைக் கரண்டிச் சீனியும் நின்றது. சோறும் பாதியாகக் குறைந்தது.

தாளில் இருந்த சொல் 'ஹைப்போகிளைசீமியா'. கடைசியிலிருந்து பிரித்தேன். 'ஈமியா' என்றால் இரத்தத்தில். 'கிளைஸ்' என்றால் இனிப்பு. 'ஹைப்போ' என்றால் கீழே. இரத்தத்தில் சீனி குறைந்துபோனது, அளவு 4-க்குக் கீழே. அதன் நேர் எதிர் 'ஹைப்பர்கிளைசீமியா'. 'ஹைப்பர்' என்றால் மேலே. சூப்பர்மார்க்கெட்டைவிடப் பெரிய கடையை ஹைப்பர்மார்க்கெட் என்கிறோமே, அதே ஹைப்பர்தான். இரண்டு சொல்லுக்கும் முதன்மை அழுத்தம் 'சீ'யில் விழுகிறது. வேறுபடுத்திக் காட்டும் 'போ'வும் 'பர்'ரும் அழுத்தமில்லாத இடத்தில் ஒளிந்து நிற்கின்றன. வேகமாகச் சொன்னால், பழகாத காதுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒன்றுக்கு உடனே இனிப்பு கொடுக்க வேண்டும், மற்றதற்குக் கொடுக்கக் கூடாது.

குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். 'ஹைப்போ: கீழே. ஹைப்பர்: மேலே.' பெரியம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் 'போ', 'பர்' இரண்டையும் அழுத்திச் சொல்லப் பழகிக்கொண்டார். அடுத்த மாதம் கிளினிக்கில் தாதி, போன தடவை சீனி 'திங்கி'யா 'ரெண்டா'வா என்று மலாயில் கேட்டார். பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "ஹைப்போ, மிஸி. ரெண்டா" என்றார்.